ஆசிரியர்களை வரவேற்கிறோம் என்று அவர்களுக்கே வேலை வைக்காதீர்கள்

பள்ளி திறக்கப் போகிறது என்றால், மலேசியாவில் கெடா மாநிலத்து எங்கள் பீடோங் பக்கம் பெற்றோர் ஆசிரியர் சங்க வாட்சப் குழுக்களில் முதலில் கிளம்பும் பேச்சு, "டீச்சருங்களுக்கு ஏதாவது செய்யணுமே" என்பதுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் சில வருடம் செயலவையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் செய்த வரவேற்புகளில் பாதி அவர்களுக்குத் தலைவலியாகத்தான் முடிந்தது.

முதல் தவறு, பள்ளி திறக்கிற அன்றே விழா வைப்பது. அன்று காலை ஏழு மணிக்கே முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அம்மாவின் கையை விடாமல் அழுதுகொண்டிருக்கும், இன்னொன்று வகுப்பு மாறிப் போய் உட்கார்ந்திருக்கும், பாடநூல் கட்டுகள் பிரிக்காமல் கிடக்கும். நாங்களோ வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று ஆசிரியர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு டீச்சர் சந்தனத்தை வாங்கிக்கொண்டே கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வகுப்பையே பார்த்தார். உள்ளே ஒரு பையன் வாந்தி எடுத்திருக்கிறான் என்று எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இதில் வருகிற பிரமுகர் முக்கால் மணி நேரம் தாமதம் வேறு.

பள்ளி திறப்பதற்கு முன்னால் ஆசிரியர் கூட்டம் நடக்குமே, அந்த நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சூடாகத் தேநீரும் வடையும் இருந்தால் போதும். உரை வேண்டாம். சங்கத் தலைவர் உரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, பொங்கலோடு சேர்த்துவிடுவது. 2026-இல் கல்வியாண்டு மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது, கெடாவில் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு, அதே வாரத்தில் பொங்கல். இரண்டையும் ஒன்றாக வைத்தால் செலவு மிச்சம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சரி, கோலம் போடப் போவது யார்? பானைக்கு மஞ்சள் கட்டப் போவது யார்? பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கப் போவது யார்? யாரை வரவேற்கிறோமோ அவர்களேதான்.

நாட்காட்டி விஷயத்தில் நாங்கள் நன்றாகவே மாட்டிக்கொண்டது 2024-இல். அப்போது பள்ளி மார்ச்சில் திறந்தது, கெடாவில் 10ஆம் தேதி. யார் மனமும் கோணக் கூடாதே என்று சைவச் சாப்பாடாகப் பார்த்து, அந்த வாரம் புதன்கிழமை மதியத்துக்குச் சொல்லிவிட்டோம். செவ்வாய்க்கிழமையே ரமலான் நோன்பு தொடங்கிவிட்டது. மலாய்மொழி சொல்லித்தரும் இரண்டு ஆசிரியைகள், நாங்கள் வாழை இலை போடும் நேரத்தில் சத்தமில்லாமல் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அடுத்தது, ஆசிரியர் அல்லாதவர்களை மறப்பது. நான் மன்னிக்காத தவறு இதுதான். அலுவலகக் குமாஸ்தாவான கிராணி, காவலுக்கு இருக்கும் ஜாகா, தோட்டக்காரர், துப்புரவு வேலைக்கு வரும் அக்காமார், பாலர் பள்ளி உதவியாளர், கேண்டீன்காரர் என்று எத்தனை பேர்! ஒரு வருடம் "மீண்டும் வருக" என்று பேனர் கட்டிக்கொண்டிருந்தபோது கிராணி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நான் எங்கப்பா போனேன், மீண்டும் வர?" என்று சிரித்தார். உண்மைதானே, பள்ளி விடுமுறை அவருக்குக் கிடையாது, எடுத்தால் தன் ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும். திறந்த முதல் வாரம் அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் உதவித்தொகை எப்போது, பிள்ளையை மாற்றும் கடிதம் எங்கே என்று எல்லோரும் போய் நிற்பது அவர் மேசை முன்னால். ஆனால் அன்பளிப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1912இல் சட்டம் வந்தபோது, பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியாராகவும் இருந்தார்கள். இப்போது அதே கிராணிக்கு ஒரு வடை கொடுக்க மறந்துவிடுகிறோம்.

அன்பளிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, குவளை வேண்டாம். பள்ளிப் பெயர் அச்சடித்த குவளை ஒவ்வொரு டீச்சர் வீட்டிலும் ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது.

இடமாற்றத்தில் புதிதாக வந்தவரைப் பிடித்து வைத்து எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பதும் நம்மிடம் வரவேற்புக் கணக்கில்தான் சேர்கிறது. அவருக்கு அன்றைக்குத் தேவை, வாடகைக்கு எங்கே வீடு இருக்கிறது, செம்பனை லாரி போகும் மண்பாதை மழையில் எந்த இடத்தில் சேறாகும், தோட்டத்துக்குள் எந்த ஃபோன் லைன் எடுக்கும் என்பதெல்லாம். இதைச் சொல்ல ஒருவர் போதும், கூட்டமாகப் போகாதீர்கள்.

கடைசியாக, கேட்காமல் செய்வது. போன தடவை பணம் வசூலிப்பதற்கு முன்னால் ஆசிரியர் அறைக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பினோம், என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லி. மாலையும் கேட்கவில்லை, விருந்தும் கேட்கவில்லை. அறையில் இருக்கும் இரண்டு காற்றாடிகளில் ஒன்று ஓடவில்லை என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வயரிங் வேலை தெரிந்த ஓர் அப்பா சனிக்கிழமை போய் மாற்றிக் கொடுத்தார். கிராணி அக்கா கதவைத் திறந்துவிட்டார், அவருக்கும் சேர்த்து ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு போயிருந்தோம்.