தோட்டத்து வீட்டுக்கு இடிதாங்கியை எங்கே வைப்பது?

பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் பெரும்பாலும் வெட்டவெளியில் தனித்து நிற்பவை. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்குவதற்கு அங்கே உயரமாக இருப்பவை மாடித் தண்ணீர்த் தொட்டியும் நாலைந்து தென்னைகளும்தான். இடிதாங்கி வாங்கக் கடைக்குப் போகும் முன், மின்னல் கட்டடத்தோடு எவ்வாறு இணைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேகத்திலிருந்து புறப்படும் மின்பாதை ஒரே வீச்சில் தரைக்கு வருவதில்லை; ஏறத்தாழ 50 மீட்டர் நீளப் படிகளாக, ஒவ்வொரு படிக்குப் பின்னும் மைக்ரோ விநாடிக் கணக்கில் நின்று, கிளைவிட்டு இறங்குகிறது. தரையை நெருங்கும்வரை கீழே வீடு இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கடைசிச் சில பத்து மீட்டர்களில்தான் மின்புலம் வலுத்து, மாடியின் மூலைகள், கைப்பிடிச் சுவரின் விளிம்பு, டிஷ் ஆன்டெனா, மர நுனி ஆகியவற்றிலிருந்து எதிர்ப்பொறிகள் மேல்நோக்கிக் கிளம்புகின்றன. அவற்றுள் எது இறங்கிவரும் பாதையை முதலில் தொடுகிறதோ, அதன் வழியாகவே பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. இடிதாங்கி மின்னலை விரட்டுவதில்லை. எதிர்ப்பொறி நாம் குறித்த இடத்திலிருந்து கிளம்பும்படி செய்வதே அதன் வேலை.

அந்த இடங்களைக் கண்டறிய, கற்பனையான பெரிய பந்து ஒன்றை வீட்டின் மேல் உருட்டிப் பார்க்கும் உருளும் கோள முறை உதவும். மின்னல் பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 தரநிலை, பாதுகாப்பு நிலைக்கேற்ப அந்தக் கோளத்துக்கு 20, 30, 45, 60 மீட்டர் என நான்கு ஆரங்களைத் தருகிறது. சாதாரண வீட்டுக்கு 45 மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் என்ற கணக்கில் வீட்டின் முன்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் தொட்டி, சோலார் வாட்டர் ஹீட்டர் உட்பட வரையுங்கள். பிறகு 22.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள அட்டை வட்டத்தைத் தரைக்கோட்டிலிருந்து தொடங்கி வீட்டின் மேலே உருட்டிச் செல்லுங்கள். வட்டம் தொடும் இடங்களிலெல்லாம் மின்னல் இறங்கக்கூடும். இடிதாங்கிக் கம்பிகளை வரைந்த பின் மறுபடி உருட்டினால், வட்டம் கம்பிகளை மட்டுமே தொட வேண்டும். 10 மீட்டர் சதுர மாடியின் நான்கு மூலைகளிலும் கம்பி நட்டால், நடுவில் கோளம் 60 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே தாழும்; எனவே வெறும் மாடிக்கு ஒரு மீட்டர் கம்பிகள் தாராளம். தொட்டிக்கு அதனினும் உயர்ந்த தனிக் கம்பி தேவை. ஒரே கம்பி நூறு மீட்டர் வட்டத்தைக் காக்கும் என்று விற்கப்படும் கருவிகளை இந்தத் தரநிலை ஏற்பதில்லை. அவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் தென்னை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இதே வட்டத்தை உருட்டிப் பார்த்தால், 20 மீட்டர் தென்னை 7 மீட்டர் உயர வீட்டுக்குச் சுமார் 13 மீட்டர் தொலைவுவரைதான் மறைவாகிறது. அந்த அளவு நெருக்கத்தில் உள்ள மரமோ நல்ல மின்கடத்தி அல்ல; அதில் இறங்கும் மின்னல் சுவருக்குத் தாவவும் கூடும். மரத்தை நம்பி இடிதாங்கியைத் தவிர்க்க வேண்டாம்.

மேலிருந்து தரைக்கு எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு கடத்திப் பட்டைகள், கூர்மையான வளைவின்றி நேராக இறங்க வேண்டும். வாசற்படி, திண்ணை, மாடு கட்டும் இடம் ஆகியவற்றின் அருகில் அவற்றை இறக்காதீர்கள். கொங்குப் பகுதியில் பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டுவதால், ஆழமான ஒற்றை எர்த் குழியை நம்புவதைவிட, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், வீட்டைச் சுற்றி வளையமாகக் கடத்தியைப் புதைப்பது மேல். அந்த வளையத்தோடு மின்வாரிய இணைப்பின் எர்த்தையும் உலோகக் குழாய்களையும் இணைத்துவிட வேண்டும். தனித்தனியே விட்டால் அவற்றுக்கிடையே பொறி பாயும். மோட்டார் ஸ்டார்ட்டரும் டிவியும் பிழைக்க, மெயின் போர்டில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும்.

எர்த் மின்தடை 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. மழை பெய்து மண் நனைந்திருக்கும்போது அளந்தால் குறைவாகவே காட்டும் என்பதால், பங்குனியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது எலக்ட்ரீஷியனை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள்.