மார்கழி விருந்துகளும் அளவான உணவும்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கி, ஜனவரி 14 அல்லது 15 ஆம் திகதி வரும் தைப்பொங்கல் வரையான ஒரு மாத காலம் கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விருந்துக் காலம். நத்தார், புத்தாண்டு, பொங்கல் ஆகிய மூன்று பண்டிகைகளோடு, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினருக்காக வீட்டுக்கு வீடு நடக்கும் மதிய போசனங்களும், அலுவலகங்களின் ஆண்டிறுதி ஒன்றுகூடல்களும், கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் வாழும் கத்தோலிக்க நண்பர்கள் அனுப்பிவைக்கும் கேக் தட்டுகளும் சேர்ந்துகொள்கின்றன. பிள்ளையார் கதை விரதமும் திருவெம்பாவைப் பூசைகளும் பெரும்பாலும் இதே காலத்தையொட்டியே வருவதால், ஒருநாள் விரதமும் மறுநாள் பிரியாணியுமாக உடல் ஓர் ஒழுங்குக்கு வர இயலாமல் திணறுகிறது.

நத்தார் தினத்தன்று மனநிறைவோடு உண்பதால் ஒருவருடைய உடல்நலம் கெட்டுவிடுவதில்லை. உண்மையான சுமை விருந்துகளுக்கு இடைப்பட்ட சாதாரண நாட்களில்தான் ஏறுகிறது. மேசையில் மூடி திறந்தபடி இருக்கும் முறுக்கு டின்னும், போகிற வீடுகளிலெல்லாம் கிடைக்கும் சோடாவும், இரவு வேளையில் சூடாக்கி உண்ணும் மிச்சக் கறியும் எவருடைய கணக்கிலும் வருவதில்லை. ஆகவே விருந்தை விருந்தாக உண்டு, இடைப்பட்ட நாட்களை வழமைக்குத் திருப்புவதையே இந்த வழிகாட்டி வலியுறுத்துகிறது.

வீட்டு மேசையிலிருந்து தொடங்குதல்

பலகாரம் கண்ணில் படும் இடத்தில் இருக்கும்வரை கை அதனிடம் போய்க்கொண்டே இருக்கும். பயத்தம் பணியாரம், சீப்புப் பணியாரம், அரியதரம், மிக்சர் ஆகியவற்றைச் சாப்பாட்டு மேசையிலும் தொலைக்காட்சிக்கு முன்னாலும் வைக்காமல், இறுக்கமாக மூடிய டின்களில் இட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். மாலைத் தேத்தண்ணி நேரம் ஒன்றே பலகார நேரம் என்று வீட்டார் அனைவரும் உடன்பட்டு, அவரவர் பங்கைச் சிறிய தட்டில் எடுத்து, உட்கார்ந்து உண்ணலாம். டின்னுக்குள் கைவிட்டு எடுத்து உண்பவருக்கு எத்தனை உண்டார் என்பது தெரியாது. தட்டில் எடுத்து உண்பவருக்குத் தெரியும்.

இவ்விடத்தில் நத்தார் ரிச் கேக்கைச் சற்று உற்றுநோக்குவது பயன் தரும். ரவை, பட்டர், சீனி, முட்டை மஞ்சட்கரு, கஜு, முந்திரிகை வற்றல், சீனிப்பாகில் ஊறிய பழத்துண்டுகள், பிராந்தி ஆகிய அனைத்தும் செறிந்த பண்டம் அது. அதைச் செய்யும் வீடுகள் தீப்பெட்டி அளவான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் தனித்தனியே சுற்றி, அதன்மேல் வண்ணத்தாள் மடித்து வைக்கின்றன. ஒரு வேளைக்கு ஒரு துண்டு என்ற அளவை அந்தத் தாளே சொல்லிவிடுகிறது. தாளைப் பிரித்து, மெல்லக் கடித்து, பனிநீர்ப் பூவின் வாசனையும் கஜுவின் பதமும் நாவில் தெரிய உண்டால் ஒரு துண்டே போதுமானதாக இருக்கும். வீட்டில் செய்யும் மற்றைய கேக்குகளையும் இவ்வாறே சிறிதாக வெட்டிச் சுற்றி வைக்கும்படி நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு.

விருந்தில்லாத நாட்களின் காலையும் மதியமும் வழமையான உணவாகவே இருக்கட்டும். காலையில் குரக்கன் பிட்டு அல்லது சிவப்பரிசி மா இடியப்பம், அவற்றோடு சொதியும் அவித்த கடலையும் போதும். மதியம் தட்டின் பாதியை மரக்கறியும் கீரை வறையும் நிரப்ப, எஞ்சிய பாதியில் ஒரு பங்கு சோறாகவும் மறுபங்கு மீன், முட்டை அல்லது பருப்பாகவும் அமையட்டும். டிசம்பர் மழையோடு மலைநாட்டு மரக்கறிகளின் விலை ஏறுவது வழக்கம் என்றாலும், வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கையிலை ஆகியவை கிடைக்கும் நாட்களில் கைக்கெட்டிய விலையில் ஒரு வறைக்கு வழி பிறந்துவிடும். தேங்காய்ப்பாலை முற்றாகத் தவிர்க்க வேண்டியதில்லை. மரக்கறிகளை இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பாலை இறக்கும் தறுவாயில் ஒன்றிரண்டு கரண்டி மட்டும் சேர்த்தால் சுவை குறையாது, கொழுப்பு குறையும்.

மாலையில் விருந்து இருக்கிறதென்று பகல் முழுவதும் பட்டினி கிடப்பது பலருக்கும் பழக்கமாக இருக்கிறது. இதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். பசியோடு போகிறவர் முதற் பத்து நிமிடத்திலேயே ரோல்ஸும் கட்லட்டுமாக நிறைத்துவிடுவார். வயிறு நிறைந்த உணர்வு மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிடம் எடுக்கும் என்பதால், அது எட்டும்போது தேவைக்கு மிஞ்சி உண்டிருப்பார். புறப்படுவதற்கு முன் ஒரு கொய்யாப்பழமோ ஒரு கோப்பைத் தயிரோ உண்டு செல்வது நல்லது.

குடிபானங்களின் கணக்கு

எங்கள் வீடுகளில் வந்தவர் உட்கார்ந்ததும் முதலில் நீட்டப்படுவது ஒரு குவளை சோடாவோ, சீனி போட்ட பால் தேத்தண்ணியோதான். விருந்தோம்பலின் அடையாளமாகிய இந்த ஒரு குவளைதான், என் கருத்தில், இந்தக் காலத்தில் முதலில் திருத்தப்பட வேண்டியது.

2016 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் விற்கப்படும் இனிப்புக் குளிர்பானங்களின் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை இருந்தால் செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. செம்மஞ்சள் என்பதற்காக நிம்மதி கொள்ள முடியாது. 100 மில்லிலீற்றரில் 8 கிராம் சீனி உள்ள பானத்தில் 250 மில்லிலீற்றர் குடித்தால் 20 கிராம் சீனி, அதாவது நான்கு ஐந்து தேக்கரண்டி உள்ளே போகிறது. வெளியிலிருந்து சேர்க்கப்படும் சீனியும் தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சீனியும் மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாக, இயலுமானால் ஐந்து வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஐந்து வீதம் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம்தான். ஒரே குவளையில் அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதே மாலையில் மேலும் இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தால் கணக்கைச் சொல்லத் தேவையில்லை.

விருந்து கொடுப்பவராக இருந்தால் மாற்றம் மிக எளிது. தேசிக்காய்ச் சாறும் உப்பும் சேர்த்த தண்ணீர், கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர், செவ்விளநீர் ஆகியவற்றை முதலில் வைத்து, சோடாவைக் கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். தேத்தண்ணிக்குச் சீனியைக் கலக்காமல் தனியே வையுங்கள். பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் பப்பாசி, அன்னாசி, கொய்யா ஆகியவற்றை வெட்டி, மிளகுத்தூள் தூவி வைத்தால் பிள்ளைகள்கூட அதையே முதலில் எடுப்பார்கள். விருந்தினராக இருப்பவர், வீட்டார் போத்தலைத் திறப்பதற்கு முன்பே சீனி போடாத பிளேன் டீ கேட்டுவிடுவது நல்லது. ஊற்றிக் கொடுத்தபின் மறுப்பது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், ஒரு கிராம் அற்ககோல் 7 கலோரி தருகிறது; அதனோடு கலக்கும் சோடாவும் பக்கத்தில் வரும் எண்ணெய்ப் பண்டங்களும் அதற்கு மேலதிகம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்குக் கீழே விழக்கூடும்.

விருந்து மேசையில்

ஹோட்டல் பஃபேயாக இருந்தால், தட்டை எடுக்காமல் ஒருமுறை முழு மேசையையும் சுற்றிப் பாருங்கள். வீட்டில் எந்த நாளும் கிடைக்கும் பாணையும் பிரைட் ரைஸையும் விட்டுவிட்டு, அங்கு மட்டுமே கிடைப்பவற்றுக்கு இடம் வையுங்கள். முதலில் சலாட்டும் மரக்கறியும், அடுத்து இறைச்சியோ மீனோ, கடைசியாகச் சோறு என்ற ஒழுங்கில் உண்டால், சோற்றை முதலில் உண்பதைவிட இரத்தச் சீனி மெதுவாக ஏறுகிறது. இனிப்பு மேசையில் வட்டிலப்பம், புடிங், கேக் என எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுப்பதைவிட, மிக விரும்பும் ஒன்றை முழுமையாக உண்பது மனநிறைவைத் தரும்.

வீட்டு விருந்து இதைவிடக் கடினமானது. அங்கே உணவை நாம் எடுப்பதில்லை, அன்புடையவர்கள் பரிமாறுகிறார்கள். பிரியாணிக் கரண்டியோடு பக்கத்தில் நிற்கும் மாமியிடம் “எனக்கு வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதையாக இராது. காலையிலிருந்து அடுப்படியில் நின்றவருக்கு அது வலிக்கும். முதற்தடவை சோற்றைக் குறைவாகவே வாங்கிக்கொண்டு, இரண்டாம் தடவை கேட்கும்போது கறியிலோ கத்தரிக்காய் மோஜுவிலோ சிறிது வாங்கலாம். அப்போது இரண்டு தடவை பரிமாறிய திருப்தி அவருக்கும் கிடைக்கும். மூன்றாம் தடவை கரண்டி வரும்போது தட்டின்மேல் கையை வைத்து, “காணும் மாமி, நல்லாச் சாப்பிட்டன். நாளைக்குச் சாப்பிடக் கொஞ்சம் பார்சல் கட்டித் தாங்கோ” என்று சொல்லுங்கள். பார்சல் கேட்பதைச் சமைத்தவர்கள் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்களே பரிமாறுபவராக இருந்தால், வேண்டாம் என்பவரை இரண்டாம் முறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். அவருக்கு என்ன வருத்தம் இருக்கிறதென்று சபையில் சொல்ல அவர் விரும்பாதிருக்கலாம்.

உண்டபின் சாய்மனைக் கதிரைக்குப் போகாமல், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தப் பெரிதும் உதவும். வெள்ளவத்தை மரைன் டிரைவும், காலிமுகத்திடலும், சுதந்திரச் சதுக்கத்துச் சுற்றுப்பாதையும் மழையில்லாத மார்கழி மாலைகளில் இதற்கென்றே அமைந்தவை போன்றவை. காலிமுகத்திடலுக்கு நடக்கப் போனால், இறால் வடை வண்டிகளைக் கடந்து போகும் உறுதியோடு போங்கள்.

மிச்சச் சாப்பாடு

கொழும்பின் வெப்பத்திலும் ஈரலிப்பிலும் தேங்காய்ப்பால் கறி விரைவாகப் பழுதாகும். சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், பெரிய சட்டியிலிருந்து ஆழமற்ற சிறிய பாத்திரங்களுக்கு மாற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சோற்றுக்கும் இது பொருந்தும். அவித்தபின்னும் அதில் உயிரோடிருக்கும் ஒருவகை பற்றீரியா வித்துகள், சோறு வெளியில் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. எடுக்கும் பங்கை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். பலகாரம் பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி கொதிக்கவிட வேண்டாம். நிறம் கறுத்து மணம் மாறியதைக் கொட்டிவிடுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு

முதல் வேலை மருந்து. நத்தார், போயா, புத்தாண்டு என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் கிளினிக் திகதிகள் தள்ளிப்போகலாம். டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஜனவரி நடுப்பகுதி வரைக்குமான குளிசைகளை வாங்கி வைத்துவிடுங்கள். இன்று கூடுதலாக உண்கிறேன் என்று தானாகவே இரண்டு குளிசை போடுவதும், விரதம் என்று குளிசையை நிறுத்துவதும் ஆபத்தானவை. பிள்ளையார் கதை விரதத்தையோ ஏகாதசி உபவாசத்தையோ பிடிக்க விரும்பும் நீரிழிவாளர், மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். விரதத்தின்போது நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் குடித்து விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள். அதற்காகக் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பதே பொதுப் பரிந்துரை. பிரியாணியோடு வரும் அச்சாறு, மிக்சர், கருவாட்டுப் பொரியல், சோயா சோஸ் சேர்த்த டெவல் கறி ஆகிய நான்கும் ஒரே நாளில் சேர்ந்தால் அந்த அளவு தாண்டிவிடும். நான்கில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

பொங்கலும் அதன் பிறகும்

சர்க்கரைப் பொங்கலை நீரிழிவாளரும் பிரசாதமாக ஒன்றிரண்டு கரண்டி உண்ணலாம். அன்று காலை இடியப்பத்தையும் பாணையும் விட்டு, பொங்கலோடு அவித்த கடலையையோ உழுந்து வடை ஒன்றையோ உண்டால் மாப்பொருள் அளவுக்கு மிஞ்சாது. சர்க்கரை சீனியைவிட நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இரத்தச் சீனியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பொங்கும்போதே பயறைக் கூட்டி, சர்க்கரையை வழமையைவிடக் கால்பங்கு குறைத்தால், கஜுவும் ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் இருக்கும் பானையில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

பொங்கல் முடிந்ததும் ஏறிய நிறையை ஒரே வாரத்தில் இறக்கப் பட்டினி கிடக்க வேண்டாம். எஞ்சிய பலகாரங்களையும் வெளிநாட்டு சொக்லேட்டுகளையும் அவை பழுதாகுமுன் அலுவலகத்துக்கோ அயலாருக்கோ கொடுத்துவிட்டு, வழமையான மூன்று வேளைக்குத் திரும்புங்கள். ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை முந்திய இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சீனி அளவைக் காட்டுவது. ஜனவரி இறுதியில் அதைச் செய்தால் விருந்துக் காலத்தின் கணக்கு அதில் தெரிந்துவிடும். அந்தத் தாளோடு, வீட்டில் சோதித்த சீனி அளவுகளைக் குறித்த கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.