பாதி ஆய்வகத்துக்கு மட்டும் பிங் போகவில்லை

சேலத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் என் கணினியின் முகவரி 192.168.1.20. முன்வரிசைக் கணினிகளுக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) கொடுத்தால் உடனே பதில். கடைசி வரிசையிலிருந்து பதிலே இல்லை. புதிய பஸ் நிலையம் பக்கம் போய்ப் புது கேபிள் வாங்கி மாட்டினேன். ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினேன். ஃபயர்வாலை இரு பக்கமும் அணைத்தேன். பல நாட்கள் போனதுதான் மிச்சம்.

பிறகு பதில் தரும் முகவரிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கடைசி எண் 126 வரை எல்லாம் பேசின. 130-லிருந்து எதுவும் பேசவில்லை. அறுந்த கேபிள் இப்படி எண் பார்த்து வேலை செய்யாது!

நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து 140-க்கு பிங் கொடுத்தேன். திரையில் வந்த ஏஆர்பி கேள்வி (இந்த முகவரி யாருடையது என்று உள் நெட்வொர்க்கில் கேட்பது) “192.168.1.140 யார்?” என்பதல்ல, “192.168.1.1 யார்?” என்பது. அது கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்கு வழி விடும் ரவுட்டரின் முகவரி. அன்று அந்த ரவுட்டர் இணைப்பிலேயே இல்லை. பக்கத்தில் இருக்கும் கணினியை வேறு நெட்வொர்க் என்று என் கணினி நினைத்திருக்கிறது.

எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கில் உள்ளவை என்று கணினிக்குச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கைப் பார்த்தேன்: 255.255.255.128. இதன்படி 127 வரைதான் என் நெட்வொர்க்; 128-லிருந்து வேறு. முந்தைய வகுப்பு சப்நெட் பயிற்சிக்காக மாற்றியது அப்படியே இருந்தது. மற்ற கணினிகளில் இருப்பதுபோல் 255.255.255.0 என்று மாற்றியதும் 140 பதில் சொன்னது. அப்பாடா என்றிருந்தது.

பாதி முகவரிகள் மட்டும் பேசினால், கேபிளைத் தொடுமுன் இரு முனையிலும் மாஸ்க்கைப் பாருங்கள்.