நுரையீரல் நோயும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகரெட் புகையை ஒருமுறை இழுத்தாலே கோடானுகோடி ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள், நுரையீரலுக்குள் போகின்றன. மூச்சுக்குழாய்களை அவை புண்படுத்துகின்றன. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்துவிட்டால், புகையை விட்ட பிறகும் உள்ளே அழற்சி ஓய்வதில்லை. அப்படியானால் ஃப்ரீ ராடிக்கல்களை முறிக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான். ஆனால் அதை நம்பிப் பலர் தாங்களாகவே மருந்து வாங்குவதுதான் கவலை தருகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கேரட்டில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டினைப் புகைபிடிப்பவர்கள் மாத்திரையாக எடுப்பது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகமாகி, 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் சாப்பிடப் பயப்பட வேண்டாம்; நான் சொல்வது மாத்திரையைப் பற்றி. நீங்கள் எடுக்கும் மல்டிவைட்டமின் டப்பாவிலும் இது இருக்கலாம், இன்றே படித்துப் பாருங்கள்.

அடுத்தது, சளியை இளக்கும், ஆன்டிஆக்சிடன்டாகவும் வேலை செய்யும் என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்து. இதை நம்பி இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. சிஓபிடி நோயாளிகளுக்குத் தினம் 600 மில்லிகிராம் வீதம் 3 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2005) நுரையீரல் திறன் குறைவதை இது தடுக்கவில்லை. சீனாவில் தினம் இருவேளை 600 மில்லிகிராம் கொடுத்தபோது, நோய் திடீரென முற்றித் தொல்லை தருவது குறைந்தது (2014). நோய் லேசாக இருப்பவர்களிடம் பின்னர் நடந்த 2 ஆண்டு ஆய்வில் அந்தப் பலனும் தெளிவாகத் தெரியவில்லை. ஆக, இது யாருக்கு உதவும் என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்து நமக்கும் ஒத்துவரும் என்று நினைப்பது. காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறும் நோயில் இதே என்-அசிட்டைல்சிஸ்டைன் தனியாகப் பலன் தரவில்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசோன், அசதியோபிரின் ஆகிய மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது இறப்புகள் கூடியதால் ஆய்வின் அந்தப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள்.

நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுப்பவர்களுக்கு என்-அசிட்டைல்சிஸ்டைனால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம், தலைவலியும் வரலாம். ஆஸ்துமா இருப்பவர்கள் நெபுலைசரில் எடுத்தால் மூச்சுக்குழாய் இறுகக்கூடும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரையில் சோடியம் இருப்பதால், இதயம் பலவீனமானவர்கள் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.