குடும்பத்தை வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்வது எப்படி? முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கான வழிகாட்டி

வெளிநாட்டில் வேலை நிலைத்து, தங்க ஓர் இடமும் அமைந்ததும் அடுத்து மனத்தில் ஓடுவது, வீட்டாரை எப்போது அழைத்துக்கொள்வது என்பதுதான். பலர் உடனே விண்ணப்பப் படிவத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். படிவத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: உங்களிடம் இருக்கும் விசா யாரை அழைக்க இடம் தருகிறது? அந்த நாட்டுச் சட்டம் யாரையெல்லாம் குடும்பமாக ஏற்கிறது? இவற்றில் தெளிவில்லாமல் படிவத்தை எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் பயனில்லை.

கீழே சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

படி 1: உங்கள் நிலையை முதலில் பாருங்கள்

மாணவர் விசா, வேலை விசா, நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை என்று நிலை மாற மாற, அழைக்கக்கூடியவர்களின் வட்டமும் மாறும். அமெரிக்காவில் கிரீன் கார்டு, அதாவது நிரந்தர வசிப்புரிமை அட்டை, வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவிக்கும், திருமணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டுமே மனுச் செய்ய முடியும். பெற்றோரை அழைக்க அவர் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். குடியுரிமை பெற்றவரின் துணை, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளை, பெற்றோர் ஆகிய மூவகையினருக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு கிடையாது. உடன்பிறந்தவர்களுக்கு உண்டு, அவர்களின் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிப் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளுக்கு 2003-ஆம் ஆண்டின் குடும்ப ஒன்றிணைப்பு விதிமுறை பொருந்தும். டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. குறைந்தது ஓராண்டு செல்லுபடியாகும் வசிப்பு அனுமதியும், தொடர்ந்து தங்குவதற்கான வாய்ப்பும் உங்களுக்கு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரை அங்கே வசித்த பிறகே அழைக்கலாம் என்று ஒரு நாடு விதிக்கவும் அதில் இடமுண்டு.

துணையாக வருபவர் வேலை பார்க்கலாமா என்பதையும் இப்போதே பாருங்கள். அமெரிக்காவில் எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் வருபவருக்கு வேலை செய்யும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. வருபவரின் தொழில் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வி இது. அவரோடு கலந்து பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

படி 2: குடும்பம் என்று சட்டம் யாரை ஏற்கிறது

கணவன் அல்லது மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அநேகமாக எல்லா நாடுகளும் ஏற்கும். பிள்ளைகளின் வயது வரம்பு மட்டும் வேறுபடும்: பிரிட்டனில் பொதுவாக 18-க்குக் கீழ், அமெரிக்காவில் 21-க்குக் கீழ், கனடாவில் 22-க்குக் கீழ், அதோடு திருமணம் ஆகாதிருக்க வேண்டும். பிள்ளை அந்த வயதை நெருங்கினால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் கவனியுங்கள். கனடாவில் குடும்பத்தாரை நிரந்தரமாக அழைக்கும் 'குடும்பப் பிரிவு' விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்த நாளில் பிள்ளையின் வயது கணக்கிடப்படுகிறது. ஒரு கையெழுத்து விடுபட்டு விண்ணப்பம் திரும்பி வந்தால் அந்த நாளும் கைநழுவிப் போகும். அமெரிக்காவில் 2002-இல் வந்த சட்டம் ஒன்று காத்திருப்பில் வயது கடந்துவிடும் பிள்ளைகளுக்கு ஓரளவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனுச் செய்து காத்திருக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் திருமணமானால் மனு செல்லாமல் போய்விடும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் கதவு குறுகலானது. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே நிரந்தரமாக வசிக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட அங்கே இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். பிரிட்டனிலோ, முதுமையாலோ நோயாலோ அன்றாட வேலைகளுக்கே பிறர் துணை தேவைப்படுகிறது, அந்தப் பராமரிப்பு அவர்கள் இருக்கும் இடத்தில் கிடைக்க வழியில்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரந்தர வழி அடைபட்டிருந்தால் நீண்டகால வருகை விசா உண்டா என்று பாருங்கள். கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோரும் தாத்தா பாட்டியும் ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: நீங்கள் குடியேற விண்ணப்பிக்கும் முதல் படிவத்திலேயே குடும்பத்தினர் அனைவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். "இப்போது அவர்கள் வரப்போவதில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கேட்டபோது அறிவிக்காமல், அதனால் அதிகாரிகளின் பரிசோதனைக்கும் உட்படுத்தாமல் விட்ட துணையையோ பிள்ளையையோ பிறகு குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது என்பது பொது விதி. விண்ணப்பித்த பிறகு, நாட்டில் இறங்குவதற்குள் திருமணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

படி 3: ஆவணங்கள்

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், காவல்துறைச் சான்றிதழ் ஆகியவை அடிப்படை.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வோர் ஆவணத்தின் பெயர். எதிரே அதில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர். எழுத்து மாறாமல் பார்த்து எழுதுங்கள். ஓர் ஆவணத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் அது விரிந்திருக்கும், மூன்றாவதில் ஓர் எழுத்து கூடியிருக்கும். அதிகாரி பார்ப்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுவீர்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணையுங்கள்.

மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் அந்த நாடு ஏற்கும் தகுதியுள்ளவரிடமே செய்யுங்கள். சில நாடுகள் அப்போஸ்டில் கேட்கும். 1961-இன் ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஒன்றின் பொது ஆவணத்தை மற்றொன்று ஏற்பதற்கான முத்திரை அது. உடன்படிக்கையில் இல்லாத நாட்டின் ஆவணமானால் வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும்.

உறவு உண்மையானது என்று காட்டும் சான்றுகளில், எண்ணிக்கையைவிடக் காலம் முழுவதும் பரவியிருப்பதுதான் முக்கியம். ஒரே நாளின் இருநூறு படங்களைவிட, ஆண்டுக்குச் சில படங்களும் பயணச்சீட்டுகளும் பணம் அனுப்பிய ரசீதுகளும் நன்றாகப் பேசும். பிள்ளை தாய் தந்தையரில் ஒருவரிடம் மட்டும் வருவதானால், மற்றவரின் எழுத்துபூர்வ சம்மதமோ பாதுகாப்புரிமை பற்றிய நீதிமன்ற ஆணையோ வேண்டும்.

படி 4: கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள்

வருபவரைத் தாங்கும் வருமானம் இருக்கிறதா என்று எல்லா நாடுகளும் ஏதோ ஒரு வகையில் பார்க்கும். அமெரிக்காவில் பொதுவாக வறுமைக் கோட்டு வருமானத்தின் 125 சதவீதம் காட்ட வேண்டும். போதாவிட்டால் இன்னொருவர் கூட்டாகப் பொறுப்பேற்கலாம். ஆனால் வருபவரைத் தாங்குவதாகப் பொறுப்பேற்பது ஒரு சட்டப்படியான ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும் வரை அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு (ஏறத்தாழ பத்து ஆண்டு வேலை) சேரும் வரை நீடிப்பது வழக்கம்; விவாகரத்தானாலும் அறுந்துபோகாது. கனடாவில் துணைக்கான பொறுப்பு 3 ஆண்டுகள். பெற்றோருக்கு 20 ஆண்டுகள், கியூபெக் மாகாணத்தில் மட்டும் 10. கூட்டாகப் பொறுப்பேற்கும்படி நண்பரையோ உறவினரையோ கேட்பதானால் இதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

படி 5: அனுப்பிய பிறகு

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனையை அந்த நாடு அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் அவசரப்பட்டு முன்கூட்டியே செய்ய வேண்டாம். விசா கைக்கு வரும் வரை ஊரில் இருக்கும் குடும்பத்தார் வேலையை விடவும் வேண்டாம், வீட்டை விற்கவும் வேண்டாம்.

முகவர் வைத்தால் உரிமம் பெற்றவரா என்று சரிபாருங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். அவர் எழுதிய பொய்க்கும் நீங்கள்தான் பொறுப்பு; கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து ஆண்டுத் தடை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கடிதத்தில் காரணம் இருக்கும். மேல்முறையீட்டுக்கு வழியிருந்தால் அதற்கான கெடுவும் இருக்கும். அந்தத் தேதி கடப்பதற்குள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

படி 6: வந்து சேர்ந்ததும்

முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை மூன்றையும் முதல் சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். பிறகு கையில் இருக்கும் அனுமதி எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெறும் துணைக்கு, இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக்குட்பட்ட கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்க மனுச் செய்ய வேண்டும். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து துணையாக விண்ணப்பித்து வருபவருக்கு முதலில் கிடைப்பது 33 மாதங்கள். அதற்குள் நீட்டிப்பு கேட்க வேண்டும். இந்தத் தேதிகளை உங்கள் கைபேசியிலும் வந்தவரின் கைபேசியிலும், கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே நினைவூட்டும்படி பதிந்துவையுங்கள்.