போர் முடிந்த நாட்டில் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது

போர் ஓய்ந்த நாட்டுக்கு நிதித் திட்டம் போடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சாலை, பாலம், மின்சாரம் என்று பட்டியல் எழுத ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். அரசின் பெயரில் மொத்தம் எத்தனை வங்கிக் கணக்குகள் இருக்கின்றன? போன மாதம் யார் யாருக்குச் சம்பளம் போனது? கருவூலத்தில் கணக்கு பார்த்தவன் நான். பிறகு போரிலிருந்து மீண்ட நாடுகளின் நிதி அமைச்சகங்களில் ஆலோசகராக இருந்தேன். இந்த இரண்டு கேள்விக்கும் உடனே பதில் சொன்ன அமைச்சகம் எதையும் நான் பார்த்ததில்லை. அப்படியொரு அமைச்சகத்தில் புதிதாகச் சேரும் இளம் அதிகாரிக்காகவும், அந்தப் பணம் எங்கே போகிறது என்று விசாரிக்கும் செய்தியாளருக்காகவும் இதை எழுதுகிறேன்.

மீட்சி ஒரு வேலை, நிர்வாகச் சீர்திருத்தம் வேறொரு வேலை என்று தயவுசெய்து பிரிக்காதீர்கள். பணம் யார் கையெழுத்தில், எந்தக் கணக்கு வழியாக, எந்த நாளில் போகிறது என்பதில்தான் சீர்திருத்தம் நடக்கிறது. பயிற்சி வகுப்பும் ஆலோசனை அறிக்கையும் அதற்குப் பிறகுதான்.

முதலில் சம்பளம்

பல மாதம் சம்பளம் வராத காவலர் சாவடியில் கை நீட்டுகிறார். ஆசிரியர் பள்ளியைப் பூட்டிவிட்டு வேறு பிழைப்பு தேடுகிறார். அரசு திரும்பி வந்துவிட்டது என்று மக்கள் நம்புவது இந்த இரண்டு பேரும் வேலைக்கு வரும்போதுதான்.

ஆனால் சம்பளப் பட்டியல் குப்பையாகத்தான் இருக்கும். இறந்தவர், நாட்டை விட்டுப் போனவர், ஒருநாளும் இல்லாதவர் எல்லார் பெயரும் அதில் இருக்கும். பட்டியலைச் சுத்தம் செய்துவிட்டுச் சம்பளம் தரலாம் என்று காத்திருக்காதீர்கள், வருடம் ஓடிவிடும். கொடுத்துக்கொண்டே சுத்தம் செய்யுங்கள். சில மாதங்களுக்கு நேரில் வந்து, படம் எடுத்து, கையெழுத்தோ கைரேகையோ வைத்து வாங்கச் சொல்லுங்கள். வராத பெயரை உடனே நீக்க வேண்டாம், தனிப் பட்டியலில் நிறுத்தி வையுங்கள். பிரசவ விடுப்பில் இருப்பவரும் சாலை இல்லாத ஊரில் இருப்பவரும் திருடர்கள் இல்லை. அவர்கள் வந்து சேர அவகாசம் கொடுத்து, அப்புறம் நீக்குங்கள்.

ராணுவத்திலும் காவல்துறையிலும் ஒரு விதியைத் தளர்த்தவே கூடாது: ஆணையிடுபவர் கையில் சம்பளப் பணம் போகக் கூடாது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் தளபதியிடம் மொத்தமாகப் பணம் போய், அவர் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே இருக்கும் சிப்பாய்க்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று ஊகிப்பது கடினம் இல்லை. 2005-இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிக் குழு, ஆட்களைக் கணக்கெடுத்து, சம்பளம் போகும் வழியை ஆணை போகும் வழியிலிருந்து பிரிக்க முயன்றது. ஆப்கானிஸ்தானில் 2009-இல் ஒரு பகுதிக் காவலர்களுக்குக் கைப்பேசி வழியாகச் சம்பளம் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் தொகையும் வந்ததும், தங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டதாகச் சிலர் நினைத்தார்கள். இடையில் அவ்வளவு பணம் உருவப்பட்டிருந்தது.

ஒரே கருவூலக் கணக்கு

அடுத்த வேலை, சிதறிக் கிடக்கும் அரசுக் கணக்குகளை ஒரே கணக்கின் கீழ் கொண்டுவருவது. மத்திய வங்கியிலிருந்து எல்லா வங்கிகளுக்கும் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்: அரசுத் துறை எதன் பெயரிலாவது இருக்கும் ஒவ்வொரு கணக்கின் எண், இருப்பு, கையெழுத்திடும் உரிமை உள்ளவர் பெயர். பதில் வரும்போது அமைச்சர்களின் முகம் மாறும். பொறுமையாக இருங்கள்.

ஒரு துறையின் கணக்கை மூடுவதற்கு முன்னால், அதன் பில்லைக் குறித்த நாளுக்குள் கருவூலம் தீர்க்கும் என்று உங்களால் உறுதி சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் மூடாதீர்கள். மருத்துவமனைக்கு ஆக்சிஜன் வாங்கும் பில் கருவூலத்தில் தேங்கினால், அடுத்த மாதமே இன்னொரு ரகசியக் கணக்கு முளைக்கும், அதற்கு நியாயமும் இருக்கும். வாரா வாரம் ரொக்க நிலையைப் பார்க்க ஒரு சின்னக் குழு வையுங்கள். கையில் எவ்வளவு, இந்த வாரம் கட்டாயம் எவ்வளவு, எது அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். ஒரு தாள் போதும். மென்பொருள் பிறகு வாங்கலாம்.

போஸ்னியாவில் இது எவ்வளவு அரசியல் விஷயம் என்பது தெரிந்தது. பணப் பரிமாற்றம் முழுவதும் யுகோஸ்லாவியக் காலத்துப் பணப்பட்டுவாடா அலுவலகங்கள் வழியாகவே நடந்தது. போருக்குப் பின் அவை போரிட்ட மூன்று தரப்புகளின் கட்சிகளுடைய பிடியில் இருந்தன. அவற்றைக் கலைத்து வேலையை வங்கிகளிடமும் கருவூலங்களிடமும் கொடுப்பதற்கு 2000-ஆம் ஆண்டின் இறுதிவரை ஆனது. போர் முடிந்தது 1995-இல்.

வரவு: துறைமுகத்தைப் பிடியுங்கள்

முதல் வருடங்களில் வருமான வரிச் சட்டம் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் குறைவு. சரக்கு எல்லை வழியாகத்தான் வருகிறது, எனவே சுங்கம்தான் முதல் வரவு. விகிதங்களைக் குறைவாகவும் எளிமையாகவும் வையுங்கள். யார் யாருக்கு வரிவிலக்கு என்ற பட்டியலைப் பொதுவில் வெளியிடுங்கள். உதவி நிறுவனங்களின் பெயரில் வரும் சரக்கும் அதில் இருக்கட்டும்.

வெளியாட்களை உள்ளே விடலாமா என்று கேட்பார்கள். மொசாம்பிக் 1997-இல் தன் சுங்கத்தைக் க்ரவுன் ஏஜென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் விட்டது. லைபீரியாவில் 2005 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, முக்கிய வருவாய்த் துறைகளில் வெளிநாட்டு நிபுணரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் என்று இருந்தது. போஸ்னிய மத்திய வங்கியின் முதல் ஆளுநர் அந்த நாட்டுக்காரராகவோ அண்டை நாட்டுக்காரராகவோ இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். ஆனால் அதற்கு ஆறு வருடக் கெடுவும் வைத்தார்கள். நான் பார்ப்பது அந்தக் கெடுவைத்தான். இரட்டைக் கையெழுத்து தேவைப்படலாம், தலைகுனிவாகவும் இருக்கலாம். அது எந்தத் தேதியில் முடியும், அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகும் உள்நாட்டு அதிகாரி யார் என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

கொடையாளர் பணம்

உதவி தரும் நாடுகளும் நிறுவனங்களும் கூட்டங்களில் அறிவிக்கும் தொகையை வரவாக எழுதாதீர்கள். மூன்று பத்தியில் ஓர் அட்டவணை போடுங்கள்: வாக்குறுதி தந்தது, ஒப்பந்தமானது, வங்கிக்கு வந்தது. மூன்றாவது பத்தியை மட்டும் வைத்து பட்ஜெட் போடுங்கள்.

அரசின் கணக்கு மோசம், அதனால் நாங்களே நேரடியாகச் செலவு செய்கிறோம் என்று கொடையாளர்கள் சொல்வார்கள். அவர்கள் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அரசின் புத்தகத்தைத் தாண்டிப் போகும் பணம் அந்தப் புத்தகத்தை ஒருநாளும் சரிசெய்யாது. இதற்கு நல்ல நடுவழி ஒன்று ஆப்கானிஸ்தானில் 2002-இல் தொடங்கியது. உலக வங்கி நிர்வகித்த ஒரு கூட்டு நிதியம். அரசு தன் பட்ஜெட்டிலிருந்து ஆசிரியர் சம்பளம் போன்றவற்றை முதலில் கொடுக்கும், பிறகு கணக்கைச் சமர்ப்பிக்கும். தனி முகவர் ஒருவர் ரசீதுகளைச் சரிபார்ப்பார். விதிப்படி நடந்த செலவுக்குப் பணம் திரும்பி வரும், மற்றதற்கு வராது. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். சரியான ரசீது வைத்த எழுத்தரால் நாட்டுக்குப் பணம் வருகிறது, அலட்சியமாக இருந்தவரால் வராமல் போகிறது. எந்தப் பயிற்சி வகுப்பும் இதைச் சாதிக்காது.

அதே ஆப்கானிஸ்தானில் மறுபக்கமும் இருக்கிறது. உதவியின் பெரும்பகுதி பட்ஜெட்டுக்கு வெளியே ஓடியது. 2021-இல் உதவி நின்றபோது அரசுச் செலவில் சுமார் 75 சதவீதம் வெளிநாட்டு மானியத்தை நம்பியிருந்தது. ஒரே வருடத்தில் சம்பளமும் மருத்துவமனைகளும் தள்ளாடின. ஆகவே கொடையாளர் பணத்தில் யாருக்குச் சம்பளம் தொடங்கினாலும், அன்றைக்கே எதிரே எழுதுங்கள்: எந்த வருடத்திலிருந்து, எந்த உள்நாட்டு வரவிலிருந்து இதைக் கொடுப்போம்? பதில் இல்லாவிட்டால் அந்தப் பதவியைத் தொடங்குவதற்கு முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

இன்னொன்று, இது எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம். உங்கள் அலுவலகத்தில் கணக்கு தெரிந்த ஒரே பெண்மணியை உதவி நிறுவனம் ஒன்று பல மடங்கு சம்பளம் கொடுத்து ஓட்டுநர் பட்டியல் பராமரிக்க எடுத்துக்கொள்ளும். அவரைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் வாய்கள் இருக்கின்றன. உள்ளூர் ஊழியருக்கு எல்லாக் கொடையாளர்களும் ஒரே சம்பள வரம்பைப் பின்பற்ற வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள்.

காலத்தையும் பேசுங்கள். போர் முடிந்த உடனே பணம் வந்து குவியும், அப்போது அரசால் அதைச் செலவழிக்க இயலாது. நான்கைந்து வருடம் கழித்து அரசுக்குத் திறமை வரும்போது கொடையாளரின் கவனம் வேறு நாட்டுக்குப் போயிருக்கும். பத்து வருடத்துக்குப் பரவலாகக் கேளுங்கள், முதல் வருடத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை.

பழைய கடன்

பழைய கடனில் நிலுவை இருக்கும்வரை உலக வங்கி வழக்கமாகப் புதுப் பணம் தராது. அதைத் தீர்க்கப் பணம் வேண்டும், பணம் வர நிலுவை தீர வேண்டும். இந்த முடிச்சை நட்பு நாடு ஒன்றின் குறுகிய காலக் கடனால் அவிழ்க்கலாம். 2020 மார்ச்சில் சோமாலியாவுக்கு நார்வே அப்படித்தான் உதவியது. அதே மாதம் கடன் நிவாரணத்தின் முதல் படியைத் தாண்டி, 2023 டிசம்பரில் 450 கோடி டாலர் அளவிலான நிவாரணத்தோடு சோமாலியா முடித்தது. லைபீரியா 2009-இல் தனியார் கடன்காரர்களிடமிருந்து சுமார் 120 கோடி டாலர் கடனை, டாலருக்கு மூன்று சென்ட் வீதம் திரும்ப வாங்கியது. பேரம் பேச வெட்கப்பட வேண்டாம். மேற்கு ஜெர்மனியின் கடனையே 1953-இல் லண்டனில் ஏறக்குறையப் பாதியாக்கிக் கொடுத்தார்கள்.

உள்நாட்டு நிலுவையைத் தள்ளிப்போடாதீர்கள். அரிசி கொடுத்த வியாபாரிக்கும் கட்டடம் கட்டிய ஒப்பந்ததாரருக்கும் பணம் போனால்தான் சந்தை நகரும். ஒவ்வொரு கோரிக்கையையும் வெளித் தணிக்கையாளர் சரிபார்க்கட்டும். ஏற்றதும் நிராகரித்ததும் காரணத்தோடு வெளியாகட்டும். சிறிய தொகைகளை முதலில் தீர்த்துவிடுங்கள்.

பிறர் வாங்கும் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுக்கும் அதிகாரம் நிதியமைச்சர் ஒருவரிடம் மட்டும், அதுவும் நாடாளுமன்றத்தில் வைத்த பிறகுதான் என்று சட்டத்தில் எழுதுங்கள். மொசாம்பிக்கில் 2013, 2014-இல் அரசு நிறுவனங்கள் உத்தரவாதத்தோடு வாங்கிய சுமார் 200 கோடி டாலர் கடனின் பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இருந்து, 2016-இல் வெளிவந்தது. கொடையாளர்கள் பட்ஜெட் உதவியை நிறுத்தினார்கள். விலை கொடுத்தது சாதாரண மக்கள்.

எண்ணெயோ கனிமமோ இருந்தால், கிழக்கு தைமூர் 2005-இல் செய்ததுபோல முதல் பெரிய வரவுக்கு முன்பே நிதியம் அமைத்து, வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கிராமத்துக்குப் போகும் பணம்

இதற்குத் தலைநகரின் டெண்டருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆப்கானிஸ்தானின் தேசிய ஒற்றுமைத் திட்டம் 2003 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம சபைகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 200 டாலர், ஒரு ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர் என்று மானியம் கொடுத்தது. கிணறா, வாய்க்காலா என்று ஊரே முடிவு செய்தது.

தொகையைச் சுவரில் எழுதுங்கள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளியைச் சேர்ந்தது. பிறகு மாதா மாதம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் வெளியிட்டார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னார்கள். சில வருடங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. அறிவிப்பில் நான்கு விவரம் இருந்தால் போதும்: அனுப்பிய தொகை, அனுப்பிய தேதி, வாங்கிக் கையெழுத்திட்டவரின் பதவி, குறை இருந்தால் எந்த அலுவலகத்தில் கேட்பது. உள்ளூர் மொழியில், பெரிய எழுத்தில், பெற்றோர் நிற்கும் வாசல் பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் அறைக்குள் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.