பழைய சிமெண்ட் ஷீட் கூரையை மாற்றும்போது கட்டிங் மெஷினைக் கீழே வையுங்கள்

போன மாதம் பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டை (கொக்கி போல்ட்) இரண்டு இளைஞர்கள் கட்டிங் மெஷினால் அறுத்தார்கள். சக்கரம் போல்ட்டோடு ஷீட்டையும் தின்றது. மாவு மில் போலப் புகை. சத்தம் போட்டேன். "துண்டு கட்டியிருக்கிறோமே அண்ணா" என்றார்கள்.

பதினைந்து வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். தேங்காய்க் களத்துக் கொட்டகை ஒன்றில் ஒரு பகல் முழுக்க அறுத்துவிட்டு, அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த ஷீட்டில் சிமெண்டோடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை கலந்திருக்கிறது. அசையாமல் கிடக்கும்வரை இழை பெரும்பாலும் சிமெண்டுக்குள் அடங்கியிருக்கும். அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் வந்தாலும் 20, 30 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் யாருக்கும் பயமில்லை. ஆஸ்திரேலியா 2003 முடிவிலேயே முழுத் தடை போட்டுவிட்டது. இங்கே இன்னும் கடையில் கிடைக்கிறது.

ஷீட்டை முதலில் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். போல்ட்டை போல்ட் கட்டரால் வெட்டி, ஷீட்டை உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். துண்டு தூசியைத் தடுக்காது. மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அதே மெஷின், மாற்றாகப் போடும் புது கலர் ஷீட்டையும் (வண்ணப்பூச்சுள்ள இரும்புத் தகடு) கெடுக்கும். தீப்பொறியில் பறக்கும் இரும்புத்தூள் பூச்சில் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே துருப்புள்ளியாகும். வெட்டிய ஓரத்தில் பூச்சும் கருகிவிடும். எனக்கு ஒருமுறை பன்னிரண்டு ஷீட் இப்படிப் போயிற்று. பணம் என் கையிலிருந்துதான். அளவு சொல்லி வெட்டி வாங்குங்கள். மிச்சத்துக்குத் தகரக் கத்தரி போதும்.

உடைந்த துண்டுகள்

கோழிக்கூண்டுக்கும் பாதைக்கும் கொடுத்துவிடாதீர்கள். தடிமனான பாலித்தீனில் சுற்றிக் கட்டி, அபாயக் கழிவாகவே அனுப்புங்கள்.

ஷீட் மேல் நடப்பது

பலகை போடாமல் ஏறாதீர்கள்.

எடை குறைவு என்ற சந்தோஷம்

அரை மில்லிமீட்டர் கலர் ஷீட் பழைய ஷீட்டின் பாதி எடைகூட இல்லை. கூரையைத் தாங்கும் ட்ரஸ்ஸுக்கு நல்லது. ஆனால் ஆடிக் காற்று அதை அடியிலிருந்து தூக்கும். பழைய போல்ட் கணக்கிலேயே ஸ்க்ரூ போட்டால் ஓரத்து ஷீட் பக்கத்துக் காட்டில் கிடக்கும். ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கிப் போடுங்கள். அதற்காக ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவும் வேண்டாம், பிதுங்கினால் ஒழுகும்.

கடைக்காரர் வாய்ச்சொல்

கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் வருகிறது. பாலிவினைல் ஆல்கஹால் இழையும் மரக்கூழும் சேர்த்துச் செய்கிறார்கள். பார்வைக்கு அதே சாம்பல் நிறம், அதே நெளிவு. தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'கல்நார் இல்லாதது' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.